ஒன்பது களிமண் அம்மோனைட்டுகள்

கோத்தகிரியில் இருந்துகொண்டு அம்மோனைட் தேட முடியாது. சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிர் அது; இப்போது பாறையில் புதைபடிவமாகத்தான் கிடைக்கும். எங்கள் மலை சார்னோக்கைட் பாறை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் வெந்து இறுகியது; கடல் உயிரின் சுவடு அதில் கிடைக்காது. பார்க்க வேண்டுமானால் கீழே இறங்கி அரியலூர்ப் பக்கமோ, பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கோ போக வேண்டும். ஜனவரியில் காரைக் களிமண் மேடுகளில் ஒரு பகல் முழுக்க நடந்தேன். எதையும் எடுத்து வரவில்லை. கண்ணில் பதிந்ததைக் கையால் செய்து பார்க்கும் ஆசைதான் கூடவே வந்தது.

செய்ய எடுத்துக்கொண்டது நியோகாஸ்ட்ரோப்ளைட்டஸ் என்ற அம்மோனைட். நம் ஊரில் கிடைப்பதல்ல. அமெரிக்காவில் மொண்டானா, வயோமிங் பக்கத்து மௌரி ஷேல் பாறையில் கிடைப்பது. சுமார் 10 கோடி ஆண்டுப் பழையது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 1960இல் ரீசைட், கோபன் என்ற அமெரிக்க நிலவியலாளர்கள் இருவரும் ஏராளமான ஓடுகளை வைத்து ஆராய்ந்து, ஒரே இனத்துக்குள்ளேயே தட்டையான வழவழப்பு ஓட்டிலிருந்து முள் துருத்திய குண்டு ஓடு வரை எல்லாம் இருப்பதைக் காட்டினார்கள். அந்த வரிசையை என் மேசையில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு கூடை களிமண் வாங்கி வந்தேன். முதல் வாரம் வீண். கைமுறுக்குச் சுற்றுவதுபோல ஒரே கனத்தில் திரித்துச் சுற்றினேன், முறுக்குதான் வந்தது. அம்மோனைட் வளர்ந்துகொண்டே போகும் உயிர். ஒரு சுற்று முடியும்போது குழாயின் கனமும் அதே விகிதத்தில் பெருத்திருக்க வேண்டும். என் மாதிரிகளுக்குச் சுற்றுக்கு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டேன்: இங்கே ஒரு சென்டிமீட்டர் என்றால், ஒரு சுற்று கழித்து அதே இடத்தில் இரண்டு. அதன் பிறகுதான் உரு பிடிபட்டது.

ஒன்பதுக்கும் விட்டம் பத்து சென்டிமீட்டர்தான். அகலம் மட்டும் இரண்டரையிலிருந்து ஆறு வரை படிப்படியாக ஏறும். தட்டையானவற்றில் ஈர்க்குச்சியை லேசாக அழுத்தி வரி போட்டேன். குண்டானவற்றுக்கு அது போதாது. மெல்லிய திரி உருட்டி, களிக்குழம்பு தடவி ஒட்டி, வரியின் நுனியில் மிளகு அளவு முள் வைத்தேன். ஒன்பதாவதில் முள் கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டது.

நடுவில் ஒரு தவறு. இரண்டாவது தட்டை ஓட்டில் அழகுக்காகத் தடித்த வரிகளும் முள்ளும் ஒட்டிவிட்டேன். ஆய்வுப் படங்களோடு வைத்துப் பார்த்தபோது அப்படி ஒரு உருவமே அங்கே இல்லை. ஓட்டின் வாய் ஒடுங்கினால் வரியும் மங்குகிறது. வாய் அகன்றால் வரியும் தடிக்கிறது. இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. இதற்கு பக்மேன் விதி என்று பெயர். ஜுராசிக் காலத்து சோனினியா என்ற அம்மோனைட்டில் பக்மேன் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்தார். 1966இல் வெஸ்டர்மான் என்ற இன்னொரு ஆய்வாளர் விதியாக எடுத்துச் சொன்னார். அதே சோனினியாவில் தனித்தனி இனங்கள் என்று வைக்கப்பட்டிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்களை அவர் ஒரே இனத்தில் சேர்த்தார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஒட்டியதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வழவழப்பாக்கினேன்.

காய வைப்பதுதான் பெரும்பாடு. மூடுபனியில் நாலு நாள் வைத்தும் ஈரம் போகவில்லை. பொறுமையிழந்து இரண்டை விறகடுப்பு ஓரம் வைத்தேன்; விடிவதற்குள் நடுச்சுற்றில் விரிசல். குண்டு ஓட்டில் வெளிப்புறம் சீக்கிரம் சுருங்கிவிடுகிறது, உள்ளே ஈரம் அப்படியே நிற்கிறது. இரண்டையும் புதிதாகச் செய்து, ஈரத்துணி போர்த்தி, பரணில் பன்னிரண்டு நாள் விட்டேன். அப்புறம் பழுதில்லை.

நேற்று ஒன்பதையும் கலைத்துப் போட்டு, ஒன்பதாவது படிக்கும் மகளிடம் இனம் இனமாகப் பிரிக்கச் சொன்னேன். தட்டை மூன்று ஒரு பக்கம், முள் வைத்த மூன்று ஒரு பக்கம் என்று சட்டென்று வைத்தாள். நடுவில் மிஞ்சிய மூன்றில் நாலாவதைத் தட்டைகளோடும் ஆறாவதை முள்ளோடும் சேர்த்தாள். ஐந்தாவதைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“இதுக்கு வரி இருக்கு, முள் வரப் பாக்குது, ஆனா வரல. எதில வைக்கட்டும் அம்மா?”

நான் பதில் சொல்லவில்லை. அவளே கொஞ்ச நேரம் யோசித்து, பிரித்து வைத்த எல்லாவற்றையும் மறுபடி எடுத்து, அகலத்தின்படி ஒரே வரிசையாக அடுக்கினாள்.