கைமுறுக்கும் கட்டிய கையும்

தோட்டத் தொழிலாளர் லய வீட்டை விட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் நகருக்குக் குடிவந்து இருபது ஆண்டுகள் ஆகியும், தீபாவளிக்குக் கைமுறுக்கு சுற்றும் வழக்கத்தை அம்மா விடவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மாவைத் திரித்துக்கொண்டே வெள்ளைத் துணியின்மேல் வட்டமாக இறக்குவார். மூன்றாவது சுற்று முடியும்வரை யாருக்கும் பதில் சொல்லமாட்டார்.

இந்த முறை மியூனிக்கிலிருந்து வந்த அக்காள் மகன், காகிதப் பையிலிருந்து பழுப்பு நிறப் பிரேட்செல் ஒன்றை எடுத்து, "பாட்டி, இது ஜெர்மன்காரன் முறுக்கு" என்று நீட்டினான். பயணத்தில் தோல்போல் ஆகிவிட்டிருந்த அதைக் கடித்துப் பார்த்த அம்மா, "முறுக்கு இல்லடா, முறுக்கின ரொட்டி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிரேட்செல் என்ற பெயரின் வேர் லத்தீனில், கையைக் குறிக்கும் 'பிராக்கியும்' என்னும் சொல்லில் இருக்கிறது. கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டதுபோன்ற வடிவத்தால் அமைந்த பெயர், பழைய ஜெர்மனில் 'பிரெட்சிடெல்லா' என்று வழங்கிப் பின்னர் பிரேட்செல் எனச் சுருங்கியது. மணிக்கட்டில் போடும் பிரேஸ்லெட்டும் அதே வேரில் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் அது 'பிரெட்சல்' ஆனபோது முதலெழுத்தின் ஒலி வன்மையாகிவிட்டது. நமக்கு இரண்டு ஒலிக்கும் ஒரே 'ப' என்பதால் இந்தத் தகராறே இல்லை. மந்திரம் மனப்பாடம் செய்த சிறுவர்களுக்குத் துறவி ஒருவர் பரிசாகக் கொடுத்ததால் பரிசைக் குறிக்கும் லத்தீன் சொல்லே பெயராயிற்று என்ற கதையும் உண்டு. கேட்கச் சுவையானது, சான்றுதான் கிடையாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இன்று பிரான்சில் உள்ள அல்சாஸ் பகுதியில் உருவான ஓவியச் சுவடி ஒன்றில் விருந்து மேசைமேல் இதே வடிவம் வரையப்பட்டிருப்பது அதைவிட உறுதியான செய்தி.

பிரேட்செலில் கை வடிவமாக நிற்கிறது. கைமுறுக்கில் கை செய்கருவியாக நிற்கிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் இன்றைய ஜெர்மானியர் காதில் அந்தச் சொல்லுக்குள் கை ஒலிப்பதில்லை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் 'முருக்கு' என்று கேட்டு வாங்கும் மலாய்க்காரருக்கும் அதில் முறுக்குதல் என்ற வினை தெரிய வாய்ப்பில்லை. நாமுங்கூட அச்சில் பிழிந்ததை முறுக்கு என்றே அழைக்கிறோம்.

அம்மா மட்டும் அதை ஒப்புக்கொள்வதில்லை. கடையில் வாங்கிவந்த டின்னைத் திறந்தால், "அது பிழிஞ்சது" என்பார்.