கதண்டு கொட்டிய மூன்றாம் நாள்

என் சித்தப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தென்னை ஏறியவர். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில், 2018 நவம்பரில் அடித்த கஜா புயலுக்குத் தப்பி நின்ற சில தென்னைகளில் ஒன்றின் உச்சியில் அவர் காய்ந்த மட்டைகளைக் கழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மட்டை சரிந்து, பக்கத்துப் பனையின் காவோலைக்குள் யார் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருந்த, கதண்டு என்று நாங்கள் சொல்லும் பெருங்குளவிகளின் கூட்டின் மேல் விழுந்தது. அடுத்த நொடியே அவை அவருடைய தலையைச் சுற்றிக்கொண்டன. கையை விட்டால் விழுந்து சாக வேண்டும், விடாவிட்டால் கொட்டு வாங்க வேண்டும் என்ற நிலையில், அவர் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டு, நெஞ்சுத் தோல் உரிய உரிய வழுக்கி இறங்கி, மாட்டுக் கொட்டகைக்குள் ஓடி, ஒரு சாக்கை இழுத்துத் தலைமேல் போர்த்திக்கொண்டார்.

சித்தி சுண்ணாம்பைக் குழைத்துக் கழுத்திலும் கைகளிலும் பூசினார். பிறகு பக்கத்து ஊரிலுள்ள ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். சித்தப்பாவுக்கு மூச்சுத் திணறல் இல்லை, மயக்கம் இல்லை, நடந்தே உள்ளே போனார். கண்ணுக்குத் தெரிந்த இடங்களைப் பார்த்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு கொட்டு இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி இரண்டு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு உடம்பு முறித்துப்போட்டதுபோல் வலித்தது. அது மரத்திலிருந்து வழுக்கியதால் வந்த வலி என்றே எல்லோரும் நினைத்தோம். மூன்றாம் நாள் காலை அவரே எனக்குத் தொலைபேசியில் பேசினார். “பாப்பா, ஒண்ணுக்கு கடுங்காப்பி மாதிரி போவுது. அதுவும் ரெண்டு சொட்டுதான் போவுது. சித்திகிட்ட சொல்லல” என்றார்.

தஞ்சாவூரில் அவரைச் சேர்த்தபோது, பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “மொத்தம் எத்தனை கொட்டு?” என்பதுதான். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவர் உலர்ந்து ஒட்டியிருந்த சுண்ணாம்பை ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார். தலைமுடியை விரல்களால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முதுகிலும் எண்ணினார். 47 வரை வந்தது. பாதிக்கு மேற்பட்டவை தலைமுடிக்குள் இருந்தன. அதன் பிறகு மூன்று வாரங்களில் ஒன்பது முறை ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செய்தார்கள். சித்தப்பா பிழைத்துக்கொண்டார், சிறுநீரகங்களும் மெல்ல மெல்லத் திரும்ப வேலை செய்யத் தொடங்கின. ஆனால் அந்த மூன்று நாள் தாமதம் என் மனத்தை இன்னும் அறுக்கிறது. கதண்டு கொட்டினால் ஆபத்து அன்றைக்கே தெரிந்துவிடும், ஓரிரவு தாண்டிவிட்டால் பிழைத்தாயிற்று என்று எங்கள் ஊர் முழுவதும் நம்புகிறது. படித்த நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

கதண்டு என்பது காவிரிப் படுகையின் பேச்சு. வேறு பக்கங்களில் கடந்தை என்பார்கள். செய்தித்தாள்கள் விஷ வண்டு, கதம்ப வண்டு என்று எழுதும். இலங்கை மலையகத் தோட்டங்களில் குளவி என்ற சொல்லே இதற்கும் போதும். உண்மையில் இது வண்டு அன்று, குளவிக் குடும்பத்துப் பெரிய பூச்சி. எங்கள் பக்கம் மரங்களில் கூடு கட்டுவது பெரும்பாலும் வெஸ்பா அஃபினிஸ் என்னும் இனம்: கறுத்த உடல், வயிற்றின் முற்பகுதியில் பளிச்சென்ற செம்மஞ்சள் பட்டை, ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். இதன் உறவான வெஸ்பா டிராபிகா இன்னும் பெரியது. மண்பொந்திலும் மரப்பொந்திலும் குடியிருப்பதால் வரப்பு வெட்டுகிறவர்கள் அதன்மேல் மண்வெட்டியை வைத்துவிடுவதுண்டு. மரப்பட்டையையும் காய்ந்த மரத்தையும் சுரண்டி, எச்சிலோடு மென்று, காகிதம்போன்ற தாள்களாக்கி இவை கூட்டைக் கட்டுகின்றன. கையளவில் தொடங்கும் அந்தக் கூடு சில மாதங்களில் பானையளவுக்கு வளர்ந்துவிடும். அதற்குள் இருப்பவற்றின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போகும்.

நாங்கள் கதண்டு கடித்தது என்று சொல்கிறோம். ஆனால் அது வாயால் கடிப்பதில்லை, வயிற்று நுனியிலுள்ள கொடுக்கால் குத்துகிறது. பெண் பூச்சிகளுக்கு மட்டுமே அந்தக் கொடுக்கு உண்டு. தேனீயின் கொடுக்கில் பெரிய முட்கள் இருப்பதால் அது நம் தோலில் மாட்டிக்கொள்ள, ஒருமுறை கொட்டியதோடு தேனீ செத்துப்போகிறது. கதண்டின் கொடுக்கு அப்படி மாட்டிக்கொள்வதில்லை. ஒரே கதண்டு நாலைந்து முறை குத்திவிட்டுப் பறந்து போய்விடும். ஆகவே எத்தனை பூச்சிகள் வந்தன என்பதை வைத்துக் கொட்டுகளின் எண்ணிக்கையைக் கணிக்க முடியாது. உடம்பில் எண்ணித்தான் ஆக வேண்டும்.

இதனால் ஏற்படும் மரணங்களில் முற்றிலும் வேறான இரண்டு வகைகள் உண்டு என்பதை நான் சித்தப்பாவின் கட்டிலருகில்தான் கற்றுக்கொண்டேன். முதலாவது ஒவ்வாமை அதிர்ச்சி. இதற்கு ஒரே ஒரு கொட்டு போதும். முன்பு எப்போதோ கொட்டு வாங்கியபோது உடல் அந்த நஞ்சைப் பகையாக நினைவில் வைத்துக்கொண்டிருந்தால், அடுத்த கொட்டில் சில நிமிடங்களுக்குள் உடல் முழுவதும் தடிப்பு எழும்பும், உதடும் நாக்கும் வீங்கும், குரல் கம்மும், மூச்சு இழுக்கும், ரத்த அழுத்தம் சரிந்து ஆள் சுருண்டு விழுவார். போன தடவை எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொல்வது இந்த விஷயத்தில் எந்த உறுதியையும் தராது. இந்த நிலைக்கு உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம் வரை, தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். தேறாவிட்டால் ஐந்து நிமிடங்களில் மறுபடியும் போடலாம். ஊர்ப்புறங்களில் வழக்கமாகப் போடும் அவில், டெக்ஸா ஊசிகள் அரிப்பையும் வீக்கத்தையும் தணிக்கலாம். ஆனால் அடைபடும் மூச்சுக்குழலை அந்த நேரத்தில் திறந்துவிட அவற்றால் முடியாது. மயக்கம் வருகிறவரைக் கைத்தாங்கலாக நிற்கவைத்து நடத்துவதும் பெரும் தவறு. படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து உட்காரவைக்க வேண்டும்.

இரண்டாவது வகைக்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை. அது நஞ்சின் அளவைப் பொறுத்தது. பல கொட்டுகளின் நஞ்சு ஒன்றாகச் சேரும்போது, அதிலுள்ள நொதிகளும் மாஸ்டோபாரன் போன்ற புரதத் துணுக்குகளும் தசைச் செல்களையும் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கின்றன. உடைந்த தசையிலிருந்து மயோகுளோபினும் சிவப்பணுக்களிலிருந்து ஹீமோகுளோபினும் வெளிப்பட்டு, ரத்தத்தோடு சிறுநீரகத்துக்குப் போய், அதன் நுண்குழாய்களை அடைத்துப் பழுதாக்குகின்றன. கடுங்காப்பி நிறம் அதிலிருந்து வந்ததுதான். இந்த வேலை மணிக்கணக்கிலும் நாள் கணக்கிலும் நடக்கிறது. முதல் நாள் நடந்து வருகிற மனிதர், பசிக்கிறது என்று கஞ்சி கேட்கிற மனிதர், மூன்றாம் நாள் சிறுநீர் வற்றிப் படுத்துவிடுவது இப்படித்தான். இந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. பாம்புக்கடிக்குப் போடுவதுபோல் ஓர் ஊசி இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். நஞ்சு வேலை செய்யும் அந்த முதல் மணிநேரங்களில் நாளத்தின் வழியே போதிய நீர்மம் ஏற்றுவதும், சிறுநீரின் அளவையும் நிறத்தையும் கவனிப்பதும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. ஆகிய ரத்தச் சோதனைகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதும், தேவைப்பட்டால் தாமதிக்காமல் சுத்திகரிப்பு தொடங்குவதும்தான் சிகிச்சை.

இதை உலகமே கவனித்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை, சீனாவின் ஷான்சி மாகாணத்தின் தென்பகுதியிலுள்ள அன்காங், ஹான்சோங், ஷாங்லுவோ ஆகிய இடங்களில் பெருங்குளவிகள் 1,600க்கும் மேற்பட்டவர்களைக் கொட்டின; 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலும் வயலில் அறுவடை செய்துகொண்டிருந்த கிராமத்து மக்கள். அந்தக் குளவிகளில் உலகிலேயே பெரிய இனமான வெஸ்பா மாண்டரினியாவும் ஒன்று; அதன் கொடுக்கு மட்டும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளம். மருத்துவமனைகளில் பலர் வாரக்கணக்கில் சுத்திகரிப்பில் கிடந்தார்கள். அப்போது அங்கே மக்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை எளிமையானது: பத்துக்கு மேல் கொட்டு வாங்கியவர்கள் மருத்துவரிடம் போக வேண்டும், முப்பதுக்கு மேல் வாங்கியவர்களுக்கு அவசர சிகிச்சை வேண்டும். சித்தப்பாவின் 47 கொட்டுகளை முதல் நாளே யாராவது எண்ணியிருந்தால், அவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கவே மாட்டார். குழந்தைகளின் உடல் எடை குறைவு என்பதால் அவர்களுக்கு இன்னும் குறைந்த எண்ணிக்கையே போதும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

சுண்ணாம்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சித்தி செய்தது அன்பினால் செய்தது. அவர் தாயும் பாட்டியும் அதையே செய்திருப்பார்கள். ஆனால் தோலுக்கு அடியில் போய்விட்ட நஞ்சை மேலே பூசுகிற எதுவும் தொடுவதில்லை. புண்ணான தோலைச் சுண்ணாம்பு மேலும் அரிக்கும். அதைவிடப் பெரிய கேடு, அது கொட்டின தடங்களை மூடி மறைத்து எண்ணிக்கையைக் கெடுத்துவிட்டதுதான். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்தால் போதும். மோதிரம், வளையல், அரைஞாண் ஆகியவற்றை வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும்.

கதண்டு வழியோடு போகிறவர்களைத் தேடி வந்து கொட்டுவதில்லை. கூடு ஆடினாலோ, மரத்தில் அதிர்வு ஏறினாலோ, கூட்டைப் புகை சூழ்ந்தாலோ அவை காவலுக்குப் பாய்கின்றன. கோயில் திருவிழாவிலோ இறுதி ஊர்வலத்திலோ வேட்டு வெடித்தபோது கதண்டு கலைந்தது என்ற செய்தி வருவது இதனால்தான். பல குளவி இனங்களில் கொட்டும்போது வெளிப்படும் நஞ்சின் வாடையே மற்றவற்றுக்கு அழைப்பாகிறது. அடித்து நசுக்குவது இன்னும் பலவற்றை வரவழைக்கும். அந்த இடத்தில் நின்று துண்டை வீசுவது வீண். முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, நேராக ஓடி, கதவுள்ள ஓர் அறைக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்துவிட வேண்டும். எங்கள் பக்கம் வாய்க்காலிலும் குளத்திலும் குதிப்பார்கள். மூச்சுக்காகத் தலையைத் தூக்க வேண்டியிருப்பதால் கொட்டெல்லாம் முகத்தில் விழும். மயக்கம் வந்தால் அங்கேயே மூழ்கவும் நேரும்.

கூட்டை இளைஞர்களே தீப்பந்தம் கட்டிக் கொளுத்தும் வழக்கத்தை நான் மன்றாடித் தடுத்திருக்கிறேன். பாதி எரிந்த கூட்டிலிருந்து தப்பியவை மறுநாளும் அந்த மரத்தையே சுற்றி, அறியாமல் வருகிறவர்கள்மேல் பாயும். 101க்கு அழைத்தால் தீயணைப்புத் துறையினர் வந்து, உரிய உடையோடு, அவை கூட்டில் அடங்கிய இரவு நேரத்தில் அகற்றுகிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்திலுள்ள கூட்டை விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து. கதண்டு புழுக்களையும் ஈக்களையும் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகிற வேட்டைப் பூச்சி. வயலுக்கு அதனால் நன்மை உண்டு. பள்ளிக்கூட வாசல், குளத்தங்கரை, நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்டுகிற இடம் ஆகியவற்றின் அருகில் இருக்கும் கூடுகளை மட்டும் வேலை தொடங்குவதற்கு முன்பே பார்த்து அகற்றிவிட வேண்டும். அந்த வேலைக்கு வரும் பெண்கள் குனிந்து புதரை வெட்டும்போது தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று பார்ப்பதற்கு ஓர் ஆள் நியமிக்கப்படுவதை நான் இதுவரை பார்த்ததில்லை.

சித்தப்பா இப்போது மரம் ஏறுவதில்லை. வேறு ஆட்களை ஏற்றிவிட்டுக் கீழே நிற்கிறார். அரிவாளைக் கொடுப்பதற்கு முன் மரத்தை மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்துப் பனைகளையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றின் அடியிலும் சில நிமிடம் அண்ணாந்து நிற்கிறார். காவோலைக்குள் கூடு தெரியாது. ஆனால் பூச்சிகள் ஒரே கோட்டில் போவதும் வருவதும் வெளிச்சத்துக்கு எதிரே தெரியும். போன மாதம் அப்படி ஒரு பனையில் கண்டுபிடித்தார். காய் பறிப்பை நிறுத்திவிட்டு, ஆட்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, இருட்டும்வரை அந்தப் பக்கம் யாரும் போகாதபடி வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.