குண்டுப் பாடத்தில் நான் கோட்டை விட்ட இடம்

வேட்டை உரிமத் தேர்வை முதல் தடவை எழுதியபோது சட்டம், விலங்கு அடையாளம், துப்பாக்கிப் பாதுகாப்பு எல்லாம் கைகொடுத்தன. பெருவிலங்குக்கு எந்தக் குண்டு என்ற பகுதியில்தான் கோட்டை விட்டேன். இத்தனைக்கும் அட்டவணைகளை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். கேள்வித்தாளோ உடம்புக்குள் போன குண்டுக்கு என்ன ஆகிறது என்று கேட்டது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சில் எல்லாமே தோட்டாதான். தேர்வில் தோட்டா என்றால் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும். அதன் எடையை கிரெய்னில் சொல்வார்கள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.4 கிரெய்ன்.

ஈயத்தின் மேல் முனை வரை முழு உலோக உறை போட்ட குண்டு ஆழமாகப் பாயும், ஆகவே பெரிய மானுக்கு அதுவே நல்லது என்று எழுதியிருந்தேன். மதிப்பெண் போனது அங்கேதான். அந்தக் குண்டு உடம்புக்குள் முனை மலர்ந்து விரியாது. சின்னத் துளை போட்டு மறுபக்கம் வெளியேறிவிடும். விலங்கு காயத்தோடு வெகுதூரம் ஓடி அவதிப்பட்டுச் சாகும். அதனால்தான் பல இடங்களில் மான் வேட்டைக்கு அதற்குத் தடை. போரில் விரியும் குண்டு கூடாது என்றது 1899 ஹேக் பிரகடனம். வேட்டையில் விரிந்தே ஆக வேண்டும். இந்த முரண் மனதில் பதிந்த பிறகு எனக்கு இந்தப் பகுதி குழம்பவே இல்லை.

அதற்காக அளவுக்கு மீறி விரிந்தாலும் வம்புதான். மெல்லிய உறை உள்ள குண்டு கிட்டத்தில் முழு வேகத்தோடு தோள் எலும்பில் மோதினால் சிதறிவிடும், நுரையீரல் வரை போகாது. 1940களில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டையில் இப்படி ஏமாந்த அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நாஸ்லர், குண்டின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி குலையாமல் உள்ளே போகும். உறையை ஈயத்தோடு ஒட்டவைப்பதும் முழுச் செம்பில் குண்டு செய்வதும் இதே சிக்கலுக்கான வேறு விடைகள். குண்டின் உள்ளமைப்பைக் காட்டும் வெட்டுப் படங்களைப் பார்க்காமல் வரைந்து பழகினால் இவை தானாக நினைவில் நிற்கும்.

ஆற்றல் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 11.7 கிராம் குண்டு விநாடிக்கு 800 மீட்டரில் சுமார் 3,740 ஜூல். 600 மீட்டரில் 2,100தான். வேகத்தில் கால் பங்கு குறைந்ததற்கே இவ்வளவு இழப்பு. அதைவிட முக்கியம், பல குண்டுகள் விநாடிக்கு 550, 600 மீட்டருக்குக் கீழே சரியாக விரிவதில்லை. செம்புக் குண்டுக்கு வேகம் இன்னும் கொஞ்சம் தேவைப்படும். தூரத்துச் சுடல் பற்றிய கேள்வி வந்தால் அந்த இலக்கில் மிஞ்சும் வேகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளும், குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே இருக்கும் முறுக்கு வரிகள் அதற்கு ஒத்துவர வேண்டும். ஒரு மதிப்பெண் கேள்விதான், அடிக்கடி வருகிறது.

இரண்டாம் தடவை 60 மீட்டரில் நிற்கும் பெரிய மானைக் கொடுத்துக் குண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தடுப்புச் சுவர் உள்ளதை எழுதி, பக்கத்திலேயே அந்த வெட்டுப் படத்தையும் போட்டுவிட்டு வந்தேன்.