அப்பா கட்டிய இருநூறு ரூபாய்

2022 மார்ச்சில் அப்பா கும்பகோணத்திலிருந்து ரயிலில் சென்னை வந்து, மீனம்பாக்கத்தில் மும்பைக்கு விமானம் ஏறினார். டிக்கெட் போட்டது நான். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு மெயிலில் அனுப்பி, பிரிண்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். வெப் செக்-இன் செய்ய, அதாவது முன்கூட்டியே இணையத்தில் போர்டிங் பாஸ் எடுத்துவைக்க, மறந்துபோனேன். அவரிடம் இருப்பது பட்டன் போன்.

விமான நிலையக் கவுண்டரில், விமானம் ஏறக் காட்ட வேண்டிய சீட்டான போர்டிங் பாஸுக்கு இருநூறு ரூபாய் கேட்டிருக்கிறார்கள். "டிக்கெட்டுக்குத்தான் பணம் கட்டியாச்சேம்மா" என்றாராம். பின்னால் ஆட்கள் நிற்கவே, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், பாக்கெட் டைரிக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ரசீதைத் தன்மேல்தான் தப்பு என்பதுபோல என்னிடம் நீட்டினார். எனக்கு மனசே ஆறவில்லை.

2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது, தொற்றுக்குப் பயந்து வெப் செக்-இன்னைக் கட்டாயமாக்கினார்கள். அது நியாயம். ஆனால் அதைச் சாக்காக வைத்துக் கவுண்டருக்கு வருபவரிடம் காசு வாங்கியது எந்த விதத்தில் சரி? ஸ்மார்ட்போன் இல்லாதவர்தானே கவுண்டருக்கு வருகிறார்!

2022 ஜூலை 21 அன்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கு முடிவு கட்டியது. கவுண்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குத் தனிக் கட்டணம் கூடாது, 1937-ஆம் வருட விமான விதிகளில் 135-ஆம் விதிப்படி அதை டிக்கெட் கட்டணத்தின் பகுதியாகக் கருத முடியாது என்று சொல்லிவிட்டது. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

வெப் செக்-இன்னிலும் ஒன்றைக் கவனியுங்கள். சீட் படம் திறந்தால் முன்வரிசை, ஜன்னல், நடைபாதை என்று கட்டத்துக்குக் கட்டம் ஒரு விலை இருக்கும். பணம் கட்டாமல் தாண்டிப்போகும் பொத்தான் கீழே ஓரத்தில், மங்கலான எழுத்தில். என் சித்தி அது கண்ணில் படாமல் இரண்டு சீட்டுக்குப் பணம் கட்டினார். சீட் தேர்வு நம் விருப்பம்தான், கட்டாயமில்லை. குழந்தையைத் தனியே உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்து கட்டுபவர்களும் உண்டு. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) வரும் அப்பா அல்லது அம்மா பக்கத்திலேயே இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ உத்தரவிட்டிருக்கிறது.

போன தை மாதம் அப்பா மறுபடி வந்தார். வேண்டுமென்றே வெப் செக்-இன் செய்யாமல், நேரே கவுண்டருக்குப் போகச் சொன்னேன். ஆதாரைக் காட்டினார், பாஸ் வாங்கினார். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "காசு கேக்கலடா. ஜன்னல் சீட்டு."