ஃபிளாரன்ஸ் நகரின் சுவர்கள்: ஓர் ஓவியப் பயண நாட்குறிப்பு

2019 மார்ச் 18, திங்கள்

இலண்டனில் நான் ஓவியம் கற்பிக்கும் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களுடன் இன்று மாலை ஃபிளாரன்ஸ் வந்து சேர்ந்தோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கட்டடம், அதிலும் சுவரோவியங்கள் மட்டும் என்று பயணத் திட்டத்தை வகுத்திருக்கிறோம். பலகையிலும் துணியிலும் தீட்டப்பட்ட இத்தாலிய ஓவியங்களில் மிகச் சிறந்த சில இலண்டன் நேஷனல் கேலரியிலேயே இருக்கின்றன. எங்கள் மாணவர்கள் விரும்பிய நாளில் சென்று அவற்றைக் காணலாம். சுவரோவியம் அப்படி எளிதில் இடம்பெயர்வதில்லை. எந்தச் சன்னலின் ஒளிக்கும், எந்த உயரத்தில் நிற்கும் கண்ணுக்கும் அது தீட்டப்பட்டதோ அந்த இடத்திலேயே நின்று பார்த்தால்தான் ஓவியனின் கணக்கு நமக்குப் பிடிபடும்.

மார்ச் 19, செவ்வாய்

சாந்தா குரோச்சே தேவாலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொத்தோ தீட்டிய இரண்டு சிற்றாலயங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பார்தி சிற்றாலயத்தில் புனித பிரான்சிஸின் வாழ்க்கையும், பெருசி சிற்றாலயத்தில் திருமுழுக்கு யோவான், நற்செய்தியாளர் யோவான் ஆகிய இருவரின் கதைகளும் இடம்பெற்றுள்ளன. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் விலகி நின்றேன். பார்தியில் முகங்கள் திடமாக நிற்க, பெருசியில் மட்டும் ஏன் எல்லாமே புகைபோல மங்கிக் கிடக்கிறது என்று சிறிது நேரத்தில் ஒரு மாணவி கேட்டாள். இங்கே வந்ததன் பயன் அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

விடை சுண்ணாம்பில் இருக்கிறது. ஈரமான சுண்ணச்சாந்தின் மேல் நீரில் குழைத்த நிறமியைத் தீட்டினால், சாந்து உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகி, நிறத்தையும் தன்னுள்ளேயே பூட்டிக்கொள்கிறது. பார்தியில் ஜொத்தோ பெரும்பாலும் இவ்வழியில்தான் வேலை செய்தார். பெருசியில் உலர்ந்த பூச்சின் மேல் பசை கலந்த வண்ணத்தைத் தீட்டினார். அது சுவரின் மேல் ஒட்டி நிற்பதால் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. இரண்டு சிற்றாலயங்களும் 18ஆம் நூற்றாண்டில் வெள்ளையடிக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் வெளிக்கொணரப்பட்டன. பார்தியின் சுவரில் இடையிடையே காணப்படும் வெற்றிடங்கள், பிற்காலத்தில் அங்கே பதித்த நினைவுச் சின்னங்கள் விட்டுச்சென்ற வடுக்கள். பழுதுபார்த்தவர்கள் அவற்றைக் கற்பனையால் நிரப்பாமல் வெறுமையாக விட்டது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

தஞ்சாவூரில் பிறந்த எனக்கு வேறொரு சுவரும் நினைவுக்கு வந்தது. பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவையும் ஈரச் சுண்ணாம்பில் தீட்டப்பட்டவை என்பது பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளின் முடிவு. ஜொத்தோவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது என்று சொன்னபோது, மாணவர்கள் படங்களைக் காட்டச் சொல்லி வெகுநேரம் கேள்வி கேட்டார்கள்.

புறப்படும் முன், அதே தேவாலயத்தில் ஓவியர் சிமாபுவே வண்ணம் தீட்டிய மரச்சிலுவையைப் பார்த்தோம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தபோது அதன் வண்ணத்தில் பாதிக்கும் மேல் அழிந்துபோனது. அதன் முன்னே யாரும் வரையவில்லை. நானும் வரையச் சொல்லவில்லை.

மார்ச் 20, புதன்

சாந்தா மரியா நொவெல்லாவில் மசாச்சோவின் ‘திரித்துவம்’ ஒன்றை மட்டுமே பார்த்தோம். ஏறத்தாழ 1427இல் தீட்டப்பட்ட இந்த ஓவியத்தில், தட்டையான சுவர் குடைந்து உள்ளே செல்வதுபோன்ற ஒரு வளைகூரை தெரிகிறது. அதன் கோடுகள் அனைத்தும் சிலுவையின் அடிப்பகுதிக்கு அருகே, நிற்கும் ஒருவரின் கண்மட்டத்தில், ஒரே புள்ளியில் கூடுகின்றன. மாணவர்கள் அளவுகோலைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோடுகளை நீட்டிப் பார்த்துத் தாங்களே அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். பாடநூலில் பலமுறை வரைந்த பயிற்சிதான்; ஆனால் ஓவியன் நம்மை எங்கே நிற்கவைக்க விரும்பினான் என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. ஈரச் சாந்தில் கூர்முனையால் கீறிய வழிகாட்டிக் கோடுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

இந்த ஓவியத்தைத் தன் நூலில் போற்றி எழுதிய ஓவியரும் கட்டடக்கலைஞருமான வசாரியே 1570 வாக்கில் இதன் முன்னே ஒரு பலிபீடத்தை அமைத்து இதை மறைத்தார். 1860ஆம் ஆண்டுவாக்கில்தான் இது மீண்டும் வெளிப்பட்டது. மறைத்தாரே தவிர அவர் இடித்துவிடவில்லை என்பதற்காக நாம் அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் 21, வியாழன்

ஆற்றின் தென்கரையில் உள்ள பிராங்காச்சி சிற்றாலயத்தில் பார்வையாளர்களுக்குக் குறைந்த நேரமே தருகிறார்கள். அதனால் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆதாம்-ஏவாள்களை மட்டும் வரையச் சொன்னேன். மசோலினோவின் இணையர் அழகாகவும் அமைதியாகவும் மரத்தடியில் நிற்கிறார்கள். மசாச்சோவின் ஏவாளோ வாய்விட்டு அலறுகிறாள். ஆதாம் முகத்தைப் பொத்திக்கொண்டு, வயிறு ஒட்ட விம்முகிறான். பிற்காலத்தில் நாணம் கருதி அவர்கள்மேல் தீட்டப்பட்ட இலைகள் 1980களில் நடந்த சீரமைப்பின்போது நீக்கப்பட்டன.

அதே சிற்றாலயத்தில் மசாச்சோ தீட்டிய ‘வரிப்பணம்’ ஓவியத்தில் ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஒரு மாணவன் ஓவியத்தைப் பார்க்காமல், பீடத்தின் பின்னே இருக்கும் உண்மையான சன்னலைச் சுட்டிக்காட்டினான். அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு வகுப்பறையில் இந்த விடையை அவன் கண்டிருக்க முடியாது.

மார்ச் 22, வெள்ளி

சான் மார்கோ மடம். வங்கியாளர் கொசிமோ தெ மெதிச்சியின் பொருளுதவியுடன் கட்டடக்கலைஞர் மிக்கெலோட்சோ புதுப்பித்துக் கட்டிய இந்த மடத்தின் மேல்தளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருக்கின்றன. ஃபிரா ஆஞ்சலிகோவும் அவருடைய உதவியாளர்களும் ஒவ்வோர் அறையிலும் ஓர் ஓவியம் தீட்டினார்கள், அங்கே வாழ்ந்த துறவியின் தியானத்துக்காக. படிக்கட்டின் உச்சியில், வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் ‘மங்கள வார்த்தை’ ஓவியத்தின் முன் எல்லோரும் நின்றோம், ஆயினும் மாணவர்களை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது ஏழாம் அறைதான். கண் கட்டப்பட்ட இயேசுவைச் சுற்றி உடலற்ற கைகளும் உமிழும் ஒரு தலையும் மட்டும் வெற்றிடத்தில் மிதக்கின்றன. கீழே புனித தோமினிக் நூலில் ஆழ்ந்திருக்கிறார். 15ஆம் நூற்றாண்டில் இப்படியும் வரைந்திருக்கிறார்களா என்று வியந்தார்கள். எதை விடலாம் என்று தெரிந்த கைக்குத்தான் இது கூடும்.

மார்ச் 23, சனி

சுவரோவியப் பட்டறை ஒன்றில் நாள் முழுவதும் மாணவர்களே சாந்து பூசினார்கள். கரடான அடிப்பூச்சின் மேல் மெல்லிய மேற்பூச்சை அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூச வேண்டும். சில மணி நேரத்துக்குப் பின் அது நிறத்தை ஏற்காது. காவியும் பச்சை மண்ணும் ஈரத்தில் ஆழ்ந்து தெரிந்து, உலர உலர வெளிறுவதால், முடிவில் எந்த நிறம் நிற்கும் என்பதை முன்கூட்டியே மனத்தில் கண்டு தீட்ட வேண்டியிருக்கிறது. ‘வரிப்பணம்’ 32 நாள் பூச்சுகளில் முடிந்தது என்று இரண்டு நாள்களுக்கு முன் நான் சொன்னபோது அந்த எண் யாரையும் அசைக்கவில்லை. இன்று ஒரு கையளவு முகத்துக்கே பொழுது சாய்ந்த பிறகு, அந்த எண்ணை மீண்டும் சொல்லச் சொன்னார்கள்.

உஃபிட்சி ஓவியக்கூடத்துக்குப் போகாமலே திரும்புகிறோமே என்று உடன் வந்த ஆசிரியர் வருந்தினார். அவருடைய வருத்தம் நியாயமானதே. ஆனாலும் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால், அதையும் நான் பட்டறைக்கே கேட்பேன்.