எட்டு வருஷம் கழித்து மாறிய முழங்கால்

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து எட்டு வருஷம் கழித்துத்தான், இதற்கு மூட்டு மாற்று ஆபரேஷன் இருக்கிறது என்று ஒரு டாக்டர் எங்களிடம் சொன்னார். அம்மா களை எடுத்த வெங்காயக் காட்டுக்காரம்மாவுக்கும் இதே தேய்மானம்தான், வயசும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அவர்கள் கோயமுத்தூர் போய் இரண்டு காலையும் மாற்றிக்கொண்டு வந்து அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் தாராபுரம் பக்கம், அருந்ததியர் காலனி. அம்மாவுக்குக் கிடைத்தது வலி ஊசியும், "காட்டு வேலை செய்யற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சும்.

பணம்தான் தடை என்று நினைத்திருந்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது வரும் என்று பனியன் கம்பெனியில் கூட வேலை செய்யும் அக்கா சொல்லித்தான் தெரியும். நாங்கள் போனபோது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு திருப்பூர் கலெக்டர் ஆபீஸ் போனோம், காப்பீட்டுக் கார்டு வந்துவிட்டது.

கார்டு கையில் இருந்தும் முதலில் போன ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். "வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா? இனிமேல் குத்தவைக்கக் கூடாது, முடியுமா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, எங்க வீட்டில் கக்கூஸே இல்லைங்க என்றார். அப்படியானால் மாத்திரையே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கேள்வி சரியானதுதான். ஆனால் இல்லை என்று சொன்னவரிடம் அதற்கு என்ன வழி என்று யாரும் பேசவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வைத்துவிட்டு, வேறு ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அங்கே அம்மாவை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அதுவரை எடுத்ததெல்லாம் படுக்க வைத்து. உடம்பு பாரம் இறங்கும்போதுதான் எலும்புக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியுமாம். அம்மாவுக்கு உள்பக்கம் எலும்பும் எலும்பும் ஒட்டியே இருந்தது. சர்க்கரை, பிரஷர் பார்த்து, காப்பீட்டு அனுமதி வந்ததும் வலது கால் ஆபரேஷன்.

வார்டில் உட்கார்ந்து போனில் தேடியபோது அமெரிக்காவில் 2003ல் வந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. அங்கே முதியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உண்டு. அதில் இருக்கிறவர்களிலேயே வெள்ளை ஆண்கள் 1000 பேரில் வருஷத்துக்கு 4.82 பேருக்கு முழங்கால் மாற்றியிருக்கிறார்கள், கறுப்பின ஆண்களில் 1.84 பேருக்குத்தான். காப்பீடு எல்லோருக்கும் ஒன்று, ஆபரேஷன் மட்டும் ஒன்றாகப் போய்ச் சேரவில்லை. இனம் வேறு, சாதி வேறுதான். ஆனாலும் படித்ததும் எங்கள் காலனி அம்மாக்கள் முகம்தான் வரிசையாக வந்தது.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கர் கொடுத்து அம்மாவை நிற்க வைத்தார்கள். காலை மடக்கப் பழகிய முதல் இரண்டு வாரம்தான் பெரிய பாடு, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். நான் ஒரு மாசம் கம்பெனிக்குப் போகவில்லை, அந்தக் கூலியை எந்தக் கார்டும் தராது.

இடது கால் பாக்கி இருக்கிறது. யாராவது அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப் போனால், நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், "இதுக்கு ஆபரேஷன் செய்யலாமா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் எட்டு வருஷமாகக் கேட்கவில்லை.