எழுபதுக்குப் பதினைந்து

தருமபுரி என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அதியமானும் நெல்லிக்கனியும். மற்றொன்று, மேலதிகாரியிடம் முறைத்துக்கொண்ட அரசு ஊழியரைத் தூக்கியடிக்கும் ஊர் என்பது. நான் வந்தது இரண்டாலும் அல்ல. மனைவிக்கு இங்கே அரசு வேலை கிடைத்தது. மன்னார்குடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, இந்த மாவட்டத்திலேயே ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் துறையில் சேர்ந்தேன். "தொப்பூர் கணவாய் தாண்டினா வேற நாடு மாப்ள" என்றார் மாமனார். கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வேறு நாடுதான். டெல்டாக்காரனின் கண்ணுக்கு நிலம் என்றால் தட்டையாக, ஈரமாக, வரப்பு போட்டு இருக்கவேண்டும். இங்கே எங்கு திரும்பினாலும் பாறை, குன்று, சாலையோரப் புளியமரம், மழையை நம்பிப் போட்ட ராகியும் சாமையும். வந்த புதிதில் சங்ககால நினைப்பில் சேலம் சாலையிலுள்ள அதியமான்கோட்டைக்குப் போனேன். அன்று தேய்பிறை அஷ்டமி. காலபைரவர் கோயிலில் கூட்டம் நெரிந்தது; எல்லார் கையிலும் சாம்பல் பூசணியை அறுத்து ஏற்றிய விளக்கு. நெல்லியைத் தேடிப் போனவனுக்குப் பூசணி.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் தண்ணீர் மேட்டூருக்கு வருமுன் ஒகேனக்கல்லில் இந்த மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. தொடுவதோடு சரி. கீழே, பாறை இடுக்கில் ஓடிப்போய்விடுகிறது. மேட்டிலிருக்கும் ஊர்கள் போர்வெல் போட்டு, பாறைக்கடியில் கிடந்த, உடம்புக்கு ஆகாத அளவுக்கு ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துக் காலம் தள்ளின. ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-இல்தான். நாங்கள் வாய்க்காலில் முங்கிக் குளித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஆற்றுக்குப் பக்கத்து மாவட்டம் குடித்த தண்ணீர் அது. இதை நான் இங்கே வந்துதான் அறிந்தேன். ஏமாற்றத்தின் முதல் தவணை அங்கே தொடங்கியது என்று சொல்லலாம். இரண்டாவது தவணை வகுப்பறையில்.

முதலாண்டு பி.எஸ்சி. வகுப்பு. கரைசலின் அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். மதிப்பு என்றால் என்ன என்று கேட்டேன். "ஹைட்ரஜன் அயனிச் செறிவின் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையின் எதிர்க்குறி மதிப்பு" என்று நான்கைந்து குரல்கள் சேர்ந்து ஒப்பித்தன. மகிழ்ச்சி. 0.01 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். எவ்வளவு? சத்தமே இல்லை. சரி, 0.01-ஐப் பத்தின் அடுக்காக எழுதுங்கள் என்றேன். குனிந்த தலைகள். 1-ஐ 100-ஆல் வகுத்தால் என்ன வரும் என்று இறங்கி வந்தேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "அது புக்ல இல்லீங்க சார்" என்றாள்.

அந்தப் பதிலில் குறும்பு ஒன்றும் இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. புத்தகத்தில் இருப்பதை எல்லாம் படித்துவிட்டு வந்தவளிடம் இல்லாததைக் கேட்கிறானே என்ற வருத்தம். பிறகு ஆய்வகத்தில் பார்த்தால் அதே கதை. பியூரெட் என்ற அளவுக் குழாயில் அளவு பார்க்கத் தெரியவில்லை என்பதை மன்னிக்கலாம், பழகினால் வந்துவிடும். 20 மில்லியை 0.1 நார்மாலிட்டி என்ற செறிவால் பெருக்கி 200 என்று எழுதிய பிள்ளையை என்ன செய்வது? கால்குலேட்டர் கொடுத்தால் 2 என்று வரும். 200-க்கும் 2-க்கும் நடுவில் ஏதோ இடிக்கிறது என்பது உறைக்காது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களை அலுவலகத்தில் வாங்கிப் பார்த்தேன். வேதியியலில் அறுபதுக்கு மேல், எழுபதுக்கு மேல். எப்படி என்று வியந்துவிட்டு, மேல்நிலைப் பள்ளி வினாத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் 15 வாங்கி, மொத்தத்தில் 35-ஐத் தொட்டால் தேர்ச்சி. செய்முறையும் அகமதிப்பீடும் பள்ளியின் கையில். முப்பதுக்கு முப்பது என்பது அதிசயமே இல்லை. வினாத்தாளின் முதல் பகுதி ஒரு மதிப்பெண் வினாக்கள், சரியாகப் பதினைந்து, நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியதுதான். ஆக, ஒரு வரி விளக்கம் எழுதாமல், ஒரு கணக்குப் போடாமல், நூற்றுக்கு 45 வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை வேதியியலில் தேறலாம். இன்னும் கொஞ்சம் மனப்பாடம் செய்தால் அறுபது. இதில் யாரும் காப்பி அடிக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் விதிப்படி.

எங்கள் துறை அறையில் இதற்கு வேறு விளக்கம் உண்டு. "இந்த மாவட்டமே இப்படித்தான் சார், பேக்வேர்டு" என்பார் சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மூத்த ஆசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் இந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. வினாத்தாள் மன்னார்குடிக்கும் பென்னாகரத்துக்கும் ஒன்றுதான். அங்கேயும் இதே மனப்பாடம், இதே முப்பதுக்கு முப்பது. என்ன வித்தியாசம் என்றால், அங்கே பத்து வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது தசமப் புள்ளியை விளக்க ஒரு அத்தையோ சித்தப்பாவோ இருப்பார். இங்கே என் வகுப்பில் பாதிப் பேரின் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்ந்தவர்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. நிறுத்தவும் வேண்டாம், ஆனால் பிடித்துவைத்துச் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. நடுவில் கொரோனா. ஆறு, ஏழு, எட்டு படிக்கவேண்டிய வயதில் சிக்னல் தேடிக் குன்றின் மேல் ஏறி நின்ற பிள்ளைகள்தாம் இப்போது என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். 2021-இல் தேர்வே இல்லாமல் பிளஸ் டூ தேறினார்களே, அவர்களைக் கேலி செய்தது ஊர். இவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படித்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போய்விடுகிறார்கள். அடுத்த வரிசை அரசுக் கல்லூரியில் பி.காம். வாங்கிக்கொள்கிறது. அதுவும் கிடைக்காதவர்கள் எங்களிடம் வந்து, வேதியியலில் இடம் இருக்கிறது என்பதால் வேதியியல் படிக்கிறார்கள். அவர்களாக வருகிறார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. நாங்கள் போய்க் கூட்டிவருகிறோம்.

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் கல்லூரியில் வாத்தியார்கள் எல்லோரும் விற்பனைப் பிரதிநிதிகள். அட்மிஷன் டூட்டி என்று பெயர். ஆளுக்கு இத்தனை தலை என்று கணக்கு உண்டு. குறைந்தால் மே மாதச் சம்பளத்தில் கை வைப்பார்கள். நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராகப் போகவேண்டும். முதல் வருடம் எனக்குப் பென்னாகரம் பக்கம் விழுந்தது. அங்கே கோட்டூர்மலை என்று ஒரு மலைக்கிராமம். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோவார்கள். பத்திரிகையில் படம் வரும். அந்த மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு தாத்தா களியும் கீரைக் கடைசலும் போட்டார். களியை மெல்லாமல் விழுங்கவேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் மென்று திணறுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இத்த படிச்சா எம் பேத்திக்கு வேல கெடைக்குமாங்க சார்?" என்று கேட்டார். நோட்டீஸில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி' என்று போட்டிருந்தது. உதவி என்ற சொல்லை எழுதியவன் கெட்டிக்காரன். நான், "படிக்கிறதப் பொறுத்துதாங்க" என்றேன். பேத்தி சேர்ந்தாள்.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருக்கிற திசையில் வேலைக்குப் பஞ்சமில்லை. அதுவும் ஒரு சிக்கல். கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. "பிளஸ் டூ முடிச்ச எங்க அக்கா வாங்குற சம்பளத்ததாங்க சார் டிகிரி முடிச்சவங்களுக்கும் தர்றாங்க. அப்புறம் நான் எதுக்கு மூணு வருசம்?" என்று இறுதியாண்டு மாணவன் ஒருவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. கேள்வியில் கணக்கு சரியாக இருந்தது என்பதை மட்டும் கவனித்தேன். பெண்களுக்கு வேறு நியாயம். 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. ஆயிரத்துக்காக வருகிறார்கள் என்று நக்கல் பேசும் சக ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை. இரண்டாம் ஆண்டில் திடீரென்று ஒரு இருக்கை காலியாகும், தோழிகளைக் கேட்டால் "கல்யாணம் ஆயிடுச்சுங்க சார்" என்பார்கள். அதை நாலைந்து மாதம் தள்ளிப்போடுமென்றால் ஆயிரம் ரூபாய் மலிவு.

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் விடியற்காலை வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பையன் ஒருவன் எனக்கு உண்டு. இத்தனை பெட்டி, இந்த விலை, கமிஷன் போக இவ்வளவு என்று வாயாலேயே சொல்லிவிடுவான். இப்படி ஒருவனைக் காட்டி, நம் பிள்ளைகள் எல்லாம் உள்ளுக்குள் மேதைகள், பள்ளிக்கூடம்தான் கெடுத்துவிட்டது என்று உருகுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தக்காளிக் கணக்குத் தெரிந்தவனுக்கு மோலாரிட்டி என்ற செறிவுக் கணக்கு தானாக வந்துவிடாது. யாராவது உட்கார்ந்து சொல்லித்தரவேண்டும். பன்னிரண்டு வருடம் யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வருடத்தில் நான் சொல்லித்தருவேனா என்றால், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் நானும் நோட்ஸ்தான் கொடுக்கிறேன். உள்மதிப்பீடு 25-க்கு இருபதுக்குக் குறையாமல் போடச்சொல்லி மேலிடத்து வாய்மொழி உத்தரவு. மேல்நிலைப் பள்ளியில் நடந்ததேதான் இங்கேயும் நடக்கிறது, கட்டணம் மட்டும் அதிகம்.

ஃபுளோரின், குளோரின் வகைத் தனிமங்களான ஹாலஜன்கள் பாடம் நடத்தும்போது ஒரு தயக்கம் எனக்கு எப்போதும் உண்டு. ஃபுளோரைடு அதிகமானால் பல் எனாமலில் காவி படியும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகும், கால் வளையும். இதைச் சொல்லும்போது முன்பெஞ்சில் இரண்டு மூன்று பேர் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டு வேறு எதற்கோ தாவினேன். அடுத்த வருடம் தாவவில்லை. அவரவர் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனைக் கிட் ஒன்றை என் காசில் வாங்கினேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் எல்லை. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. போர் தண்ணீர் சிலது எல்லையைத் தாண்டியது. "அப்ப ஏண்டி இன்னும் போர் தண்ணி குடிக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்க, "கொழாத் தண்ணி தெனம் வருதா உங்கூட்ல?" என்று இன்னொருத்தி பாய, வகுப்பு சந்தையாகிவிட்டது. என் வகுப்பில் பிள்ளைகள் வேதியியலுக்காகச் சண்டை போட்டது அன்றுதான்.

சரி, லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தால் உடம்புக்குள் எவ்வளவு போகும் என்று கேட்டேன். அங்கே நின்றது வண்டி. 2.4-ஐ மூன்றால் பெருக்குவதில் புள்ளி எங்கே வரும் என்று மீதி நேரம் முழுக்க ஓடியது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. பெல் அடித்தும் ஒருத்தி போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய மாற்றம் நடந்துவிட்டதாக நான் சொல்லவரவில்லை. அடுத்த வாரமே அதில் பாதிப் பேருக்குப் புள்ளி மறந்துவிட்டது.

துறைத்தலைவர், "யூனிட் த்ரீ முடிஞ்சிச்சா சார்?" என்று மட்டும் கேட்டார். முடியவில்லை. இப்போது நாங்கள் இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். பள்ளியில் விட்டுப்போனதை ஈடுகட்டக் கல்லூரி திறந்ததும் நடத்தவேண்டிய பிரிட்ஜ் கோர்ஸ் எங்களிடம் காகிதத்தில் மட்டும் இருந்தது. அந்த நேரத்தையும், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இன்னும் சில வகுப்புகளையும் பின்னம், தசமம், அடுக்கு, விகிதம் என்று ஆறாம் வகுப்புக் கணக்குக்குச் செலவிடுகிறேன். வேலைப்பதிவேட்டில் அதற்கு நேரே 'அயனிச் சமநிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள், கரும்பலகையை அல்ல என்பது துறைத்தலைவரின் அனுபவம்.

இதற்குப் பல்கலைக்கழகத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. போன செமஸ்டரில் துறையிலேயே என் தாளில்தான் தேர்ச்சி குறைவு. விளக்கம் கேட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சேலத்து மூத்தவர், "மூணு வரில முடிங்க சார். 'மாணவர்களின் வருகைக் குறைவு'ன்னு போடுங்க, நாங்க எல்லாரும் அதான் போடுவோம்" என்று சொல்லி, பழைய கடிதம் ஒன்றின் நகலையும் மாதிரிக்குக் கொடுத்தார். நான் இரண்டு பக்கம் எழுதிவைத்திருக்கிறேன், மேல்நிலை வினாத்தாளின் மதிப்பெண் பங்கீட்டிலிருந்து ஆரம்பித்து. அட்மிஷன் டூட்டி பட்டியலும் வந்துவிட்டது, இந்த முறை எனக்கு அரூர் பக்கம். கிளம்புவதற்கு முன் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும்.